புலி வருது கதையும் தீயணைப்பு நிலையமும்

எங்கள் இருக்கன்குடிப் பக்கத்தில் புகையைப் பார்த்து யாரும் அவ்வளவு எளிதில் பதற மாட்டார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இரு பக்கமும் ஓடுவதால் 'இரு கங்கைக் குடி' என்று இருந்தது இருக்கன்குடி ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு ஆற்றிலும் தண்ணீரைப் பார்த்த நாளைவிட மணலைப் பார்த்த நாள்தான் அதிகம். கரையெங்கும் சீமைக்கருவேலம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டால் நாள்கணக்கில் புகை எழும்பிக்கொண்டே இருக்கும். ஆடிக் கடைசி வெள்ளி வந்துவிட்டால் மாரியம்மன் கோவிலைச் சுற்றி அக்கினிச்சட்டியும் பொங்கல் அடுப்புமாக ஊரே புகைந்து கிடக்கும். மேற்கே சாத்தூரைத் தாண்டி சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் பட்டாசைச் சோதனைக்கு வெடித்துப் பார்க்கும் சத்தம் எந்நேரமும் கேட்கும்.

ஆக, புகையும் வெடிச்சத்தமும் எங்களுக்கு அன்றாடச் சமாச்சாரம். இப்படிப்பட்ட பகுதியில் ஒருவர் "தீப்பிடிச்சிருச்சு" என்று போன் போடுகிறார். வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. பார்த்தால் யாரோ போட்ட கரிமூட்டம். போன் போட்டவர் செய்தது குற்றமா? அவருக்கு அபராதம் உண்டா?

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். இதற்கான பதிலைத் தேடிப் போனால் 150 வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு கிடைக்கிறது. பொய்த் தகவலைத் தடுக்க உலகம் முழுவதும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அதில் சில ஏற்பாடுகள் தீயைவிடப் பெரிய தொந்தரவாகப் போயிருக்கின்றன.

முதலில் பொய்த் தகவலால் என்ன நஷ்டம் என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்துச் சிறு ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வரிசையாகப் பத்து வண்டி நிற்காது. இருக்கிற வண்டி கிழக்கே போயிருக்கும்போது மேற்கே நிஜமாகத் தீப்பிடித்தால், அடுத்த ஊர் வண்டிதான் வரவேண்டும். கூரை வீடு சாம்பலாகப் பத்து நிமிஷம் போதும். பட்டாசு மருந்துக்கு அதுகூட வேண்டாம். 'புலி வருது, புலி வருது' என்று விளையாட்டாகக் கத்திய பையன் கதையில் நஷ்டம் அந்தப் பையனோடு போயிற்று. தீ விஷயத்தில் பொய் சொல்கிறவன் ஒருவன், எரிந்து போகிறவன் வேறு ஒருவன். அதனால்தான் இதற்குச் சட்டம் தேவைப்பட்டது.

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இருந்திருக்க முடியாது. ஊரில் தீ என்றால் யாராவது கத்திக்கொண்டு ஓடிவருவார்கள், அல்லது கோவில் மணியை அடிப்பார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே போகும். போன இடத்தில் தீ இல்லை என்றால், கத்தியவன் முகம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தண்டனை எதுவும் தேவையில்லை. சொன்னவன் முகம் மறைந்த பிறகுதான் பொய்த் தகவல் ஒரு பிரச்சினையாக வளர்ந்தது.

முகம் மறைந்தது எப்போது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1852ஆம் ஆண்டு சேனிங் என்ற மருத்துவரும் ஃபார்மர் என்ற பொறியாளரும் சேர்ந்து தந்தி மூலம் இயங்கும் தீ எச்சரிக்கை முறையை அமைத்தார்கள். தெருவோரம் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் அந்தப் பெட்டியின் எண் தந்திக் கம்பி வழியாக மத்திய அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். யார் சுற்றினார், என்ன எரிகிறது என்பது தெரியாது.

யார் வேண்டுமானாலும் சுற்றலாம் என்றால் சும்மா சுற்றுகிறவர்களும் வருவார்கள் அல்லவா? அதற்காகப் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். சாவி காவலரிடமும், பக்கத்தில் குடியிருக்கும் அல்லது கடை வைத்திருக்கும் நம்பகமான மனிதரிடமும் இருக்கும். தீயைப் பார்த்தவன் முதலில் சாவிக்காரரைத் தேடிப் போக வேண்டும்.

இதன் பலன் 1871 அக்டோபர் 8ஆம் தேதி இரவு சிகாகோவில் தெரிந்தது. ஒரு மாட்டுக்கொட்டகையில் பிடித்த தீயைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், சாவி வைத்திருந்த மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் சாவி தர மறுத்தார் என்பது ஒரு சாட்சியம். நானே பெட்டியை இயக்கினேன் என்பது கடைக்காரர் தரப்பு. எது உண்மையோ, அந்தப் பெட்டியிலிருந்து எந்த எச்சரிக்கையும் மத்திய அலுவலகத்தில் பதிவாகவில்லை. கோபுரத்தில் நின்ற காவலாளியும் தீ இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்து வேறு பெட்டியின் எண்ணைச் சொன்னார். அன்று பிடித்த தீயில் சுமார் 300 பேர் இறந்தார்கள், நகரத்தின் ஒரு பெரிய பகுதி அழிந்தது. காற்று, மரக் கட்டடங்கள், மழையில்லாத கோடை என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் பொய்க்குப் போட்ட பூட்டு, நிஜத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியது என்பதை அந்த ஊர் மறக்கவில்லை. பின்னால் வந்த பெட்டிகளில் சாவி இல்லை. கண்ணாடியை உடைத்தோ கதவைத் திறந்தோ யாரும் இயக்கலாம். சில பெட்டிகளில் கதவைத் திறந்த உடனே பலமாக மணி அடிக்கும்படி வைத்தார்கள். நிஜமாகக் கூப்பிடுகிறவனுக்கு மணி அடித்தால் நல்லது. விளையாட்டுக்குத் திறக்கிறவன் ஓடிவிடுவான். என் கணக்கில் இது பூட்டைவிட எவ்வளவோ புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இந்தப் பெட்டிகள் நம் நாட்டுக்கும் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வீதிகளில் சிவப்பு இரும்புப் பெட்டிகள் நின்றன. நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனது இதே கல்கத்தாவுக்குத்தான். நெருப்பு உண்டாக்கும் தொழிலை அங்கிருந்து கொண்டுவந்துவிட்டோம். தீப்பெட்டி வந்தது, மத்தாப்பு வந்தது, பட்டாசு வந்தது. தெருமுனைச் சிவப்புப் பெட்டி மட்டும் நம் பக்கம் வரவில்லை.

பெட்டி வந்திருந்தாலும் போதுமா என்று கேட்டால், பம்பாய் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14ஆம் தேதி தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாள் அனுசரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1944ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டைகின்' என்ற கப்பல் வெடித்ததன் நினைவாகத்தான் அது. கப்பலில் பஞ்சுப் பொதியும் இருந்தது, சுமார் 1400 டன் வெடிபொருளும் இருந்தது. பக்கத்துக் கப்பல்களில் இருந்த சிலர் மதியம் 12.30 மணி வாக்கிலேயே புகையைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலே கழித்துத்தான் 'தீ' என்று கூச்சல் எழுந்தது. வெடிபொருள் இருக்கிறது, கூடுதல் வண்டிகள் வேண்டும் என்று தலைமையிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லப் போனவருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அவர் எச்சரிக்கைப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு சேதிதான். வழக்கம்போல இரண்டு வண்டி வந்தது. மாலை 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கான மக்களோடு தீயணைப்பு வீரர்கள் 66 பேரும் மாண்டார்கள்.

அந்த 12.30 மணிப் புகையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பார்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'துறைமுகத்தில் புகை வராத நாள் எது' என்று நினைத்திருப்பார்கள். நம் பக்கத்து மனநிலையும் அதேதான்.

இனி தொலைபேசிக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்துச் சிறிய எக்ஸ்சேஞ்சுகளில் எல்லாம் கையால் இணைப்புக் கொடுக்கும் பலகைதான். ஒருவர் வீட்டில் போனைச் சுற்றினால் பலகையில் அவருடைய எண்ணுக்கான சின்ன மூடி 'டப்'பென்று விழும். பெயர் கேட்கவே வேண்டாம். குரலும் பழகிய குரல்தான்.

"அண்ணாச்சி, தீயணைப்புக்குப் போடுங்க, சீக்கிரம்!"

"எங்கன அண்ணாச்சி?"

"கம்மாக் கரைக்கு மேக்க. புகையா எந்திரிக்கி."

"கரிமூட்டமா இருக்கப்போவுது, நல்லாப் பாத்தீகளா?"

"மூட்டப் புகை வெள்ளையால்ல வரும்? இது கருகருன்னு வருது."

இந்த அளவுக்குப் பேச்சு நடக்கும். அதற்குள் இன்னொரு கயிற்றை எடுத்து நிலையத்துக்கு இணைப்பும் போட்டிருப்போம். ஆபரேட்டர் தெரிந்தவர் என்பதால் விளையாட்டுக்குக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வராது. கோவில் மணி அடித்த காலத்து முகம் இங்கே மூடி விழும் சத்தமாக இருந்தது.

தானியங்கி எக்ஸ்சேஞ்சு வந்ததும் அந்த முகம் போய்விட்டது. அடுத்து ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத், பிறகு ஒரு ரூபாய் நாணயப் பெட்டி. 100க்கும் 101க்கும் காசு போட வேண்டாம் என்பது பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தெரிந்துபோனது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை நம் மாநிலத்தில் தொடங்கியபோது இந்த வியாதி அங்கேயும் தொற்றியது. இப்போது கைபேசி. கூப்பிடுகிறவர் எண் கட்டுப்பாட்டு அறையில் திரையில் விழுகிறது. பழையபடி மூடி விழுந்த கதைதான். முகம் திரும்பி வந்துவிட்டது. பொய் சொல்கிறவனைப் பிடிப்பது இன்றைக்குச் சுலபம்.

சரி, பிடித்து என்ன செய்வார்கள்? 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் தீப்பிடித்ததாகப் பொய்த் தகவல் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. கர்நாடகத்தில் 1964இலேயே இதே போன்ற சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களில் நாம் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது: 'தெரிந்தே'. பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்தால்தான் குற்றம். தீ என்று நம்பிச் சொல்லி, அது தீ இல்லை என்று ஆனால் அது குற்றம் இல்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 182ஆவது பிரிவும் இப்படித்தான். ஓர் அரசு ஊழியர் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும்படி பொய்த் தகவல் கொடுப்பது பற்றிய பிரிவு அது. தகவல் பொய் என்று கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பொய் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அதற்கு ஆறு மாதச் சிறை வரை, அல்லது 1000 ரூபாய் அபராதம் வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 217ஆவது பிரிவு. சிறை ஓராண்டு வரை, அபராதம் 10,000 ரூபாய் வரை என்று கூட்டியிருக்கிறார்கள். தண்டனை கூடியது. 'தெரிந்து' என்ற நிபந்தனையில் கை வைக்கவில்லை.

இதே நியாயத்தை நாம் எல்லோரும் ரயிலில் படித்திருக்கிறோம். அபாயச் சங்கிலிக்குப் பக்கத்தில் எழுதியிருக்குமே, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் அபராதம் என்று. 1890 ரயில்வே சட்டத்தில் 50 ரூபாய் வரை. 1989 சட்டத்தின் 141ஆவது பிரிவில் 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சங்கிலி மட்டும் யார் கைக்கும் எட்டும்படி திறந்தே தொங்குகிறது. அதைப் பூட்டிச் சாவியைக் கார்டிடம் கொடுக்கவில்லை. சிகாகோ பூட்டைவிட இது நல்ல வழி: கை நீட்டத் தடை இல்லை, காரணம் மட்டும் வேண்டும்.

ஆனால் கூப்பிடுவது வேறு, கத்துவது வேறு. இதையும் சொல்லிவிட வேண்டும். 1913 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கேலுமெட் என்ற ஊரில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விழாவுக்காக ஒரு மண்டபத்தின் மாடியில் கூடியிருந்தன. யாரோ 'தீ' என்று கத்தினார்கள். தீயே இல்லை. படிக்கட்டில் நசுங்கி 73 பேர் இறந்தார்கள், அதில் 59 பேர் குழந்தைகள். கத்தியது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் மாவட்டத்தில் புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீ என்று வதந்தி கிளம்பியது. சங்கிலியை இழுத்தார்கள், ரயில் நின்றது, பயந்தவர்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் குதித்தார்கள். எதிரே கர்நாடகா எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ரயிலில் தீ எதுவும் இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளியில் நம் கோவிலுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஜனம், குழந்தை குட்டி, கையில் தீச்சட்டி. அந்த இடத்தில் ஏதாவது பந்தலில் பொறி பட்டால், பார்த்தவர் போலீஸ்காரரிடமோ தீயணைப்பு வீரரிடமோ போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தக்கூடாது. நிஜத் தீயாகவே இருந்தாலும் கூச்சல் அதைவிட அதிகம் பேரைக் கொன்றுவிடும்.

இப்போது நம் பக்கத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். சிவகாசி வட்டாரத்தில் பொய்த் தகவலைவிட எனக்குப் பயம் தருவது தாமதமாக வரும் தகவல்தான். முறையான ஆலைகளைப் பற்றிச் சொல்லவில்லை. மாவட்ட நிர்வாக லைசென்ஸோ, சென்னை லைசென்ஸோ, நாக்பூர் லைசென்ஸோ வைத்திருக்கும் ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. விபத்து நடந்தால் நிலையத்துக்குச் சொல்ல ஆள் உண்டு. வீட்டுக்குள்ளும் தோட்டத்துத் தகரக் கொட்டகையிலும் திருட்டுத்தனமாக மருந்து கலக்கும் இடத்தில் புகை வந்தால், உள்ளே இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் தயங்குவார். 'நம்ம எதுக்கு வம்பு? மூட்டமா இருக்கும். போலீஸ், சாட்சி, கோர்ட்டுன்னு யாரு அலையிறது? தப்பாச் சொல்லிட்டா கேஸ் நம்ம மேல வந்துரும்.' இந்தக் கடைசிப் பயத்துக்குத்தான் சட்டத்தில் இடமே இல்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. போன் போடத் தயங்குகிற நாம், ஓடிப்போய்ப் பார்க்கத் தயங்குவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இந்த வட்டாரத்தில் யாராலும் மறக்க முடியாது. 40 பேர் வரை இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள். அடுத்து நடந்த பெரிய வெடிப்பில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். பஞ்சோ கூரையோ எரிந்தால் குடத்தோடு ஓடுவது நம் முன்னோர் பழக்கம், நல்ல பழக்கம். மருந்து எரியும் இடத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். சில மருந்துகளில் அலுமினியத் தூள் இருக்கும். அதில் தண்ணீர் பட்டாலே சூடேறித் தீ கிளம்பும். குடத்துத் தண்ணீர் அங்கே உதவாது.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கள். தெருவில் வழக்கத்துக்கு மாறாக ஒரு புகை வந்தால் முதலில் பார்ப்பது நாம்தான். சந்தேகமாக இருந்தால் 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். பெட்டிக்கு ஒரே சேதிதான் தெரியும், நமக்கு வாய் இருக்கிறது. ஐந்து விஷயம் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்த அடையாளத்துக்குப் பக்கம், புகை என்ன நிறம், அங்கே மருந்து இருக்க வாய்ப்பு உண்டா, உள்ளே ஆள் இருக்கிறார்களா. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். 'தீ மாதிரித் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று சொல்பவர் மேல் எந்தச் சட்டமும் பாயாது. சொல்லிவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்து, பார்த்துவிட்டு, "மூட்டந்தான் பெருசு" என்று சொல்லித் திரும்பிப் போனால் போகட்டும். அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். டீசல் செலவு ஆனதுதான் மிச்சம் என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பம்பாயில் அன்றைக்கு மதியம் 12.30 மணிக்கே யாராவது ஒருவர் இப்படிக் கூப்பிட்டிருந்தால், தீயணைப்புக்காரர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும்.